பறவைக்குப் பின்னால் வானம்

மீனாட்சி டீச்சர் கடைக்குள் நுழைந்தபோது நான் இறந்துபோன ஒருவருக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில்தான். கண்டாச்சிபுரம் பக்கமிருந்து வந்த கண்ணீர் அஞ்சலி பேனர் அது. வீட்டில் இருந்த ஒரே படத்தில் பெரியவர் சட்டையில்லாமல் களத்தில் மல்லாட்டைக் கடலை உலர்த்திக்கொண்டிருந்தார். "எங்கப்பாவுக்கு வெள்ளச் சட்ட போட்டு உட்ருங்கம்மா" என்று மகன் கேட்டிருந்தார். இதில் எனக்குக் கைப்பழக்கம் உண்டு. உயிரோடிருந்தபோது வெள்ளைச் சட்டை போடாத எத்தனையோ பேருக்கு நான்தான் கடைசியில் போட்டுவிட்டிருக்கிறேன்.

"இன்னா டீச்சர், பிஸியா?"

குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று மணி வெயில். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் கடை முழுக்க மை வாடை. வெளியாட்களுக்கு அது தலைவலி கொடுக்கும். டீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"நம்ம ஸ்கூலுக்கு ஒரு பேனர் வேணும் டீச்சர். வியாழக்கெழம ஆபீசருங்க வர்றாங்க, ரெண்டு வருஷமா நம்ம ஓட்டற புது டைம்டேபிளப் பாக்கறதுக்கு. நம்ம டிராயிங் டீச்சர் இருக்கும்போது வேற கடைக்கி எதுக்குப் போவணும்னு எச்.எம். சார்கிட்ட சொல்லிட்டு நேரா வந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே செல்லை எடுத்து போட்டோக்களை ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தார். என் போன் டிங் டிங் என்றது.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. நான் காலையில் ஓவிய ஆசிரியை, மதியத்துக்கு மேல் விழுப்புரத்தில் ஃப்ளெக்ஸ் கடை டிசைனர். திண்டிவனத்தைத் தாண்டி, பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே வாரத்தில் மூன்று அரை நாட்கள் எனக்கு வேலை. பகுதி நேரம் என்பார்கள். மீனாட்சி டீச்சர் அதே பள்ளியில் கணக்கு, அவர் முழு நேரம்.

அவர் பேனர் கேட்டு வந்தாரே, அந்தப் புது டைம்டேபிள், அதற்காக முதலில் வாய் திறந்து பேசியவள் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

கடன் போன பீரியட்

பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியட் என்பது புறம்போக்கு நிலம். யார் வேண்டுமானாலும் வந்து மாட்டைக் கட்டலாம்.

ஆறாம் வகுப்புக்குள் நான் காலெடுத்து வைப்பேன். பின்னாலேயே கதவோரம் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். "டீச்சர், கோச்சிக்காதீங்க. போர்ஷன் அப்படியே நிக்குது. இன்னிக்கி ஒரு நாளைக்கி மட்டும் உங்க பீரியட குடுங்க." பெரும்பாலும் அது மீனாட்சி டீச்சரின் முகமாக இருக்கும். கடன் என்றுதான் பெயர். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் கிடையாது.

விளையாட்டு சாருக்கும் இதே கதிதான். ஆனால் அவர் விசிலை ஊதிப் பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது. ஓவியத்துக்கு ஏது விசில்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ஏன் கொடுத்தாய் என்று நீங்கள் கேட்கலாம். என் அக்காகூட கேட்பாள். "உன் பீரியடு அது. நீ ஏன் பல்ல இளிச்சிக்கினு குடுக்கற?" அவளுக்கு என்ன தெரியும், அவள் மின்வாரியத்தில் நிரந்தரம். எங்களுக்கு இந்த வருடம் நிரந்தரம், அடுத்த வருடம் நிரந்தரம் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நாங்களும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்போம். மே மாதம் எங்களுக்குச் சம்பளம் கிடையாது, வயிறு மட்டும் உண்டு. அப்படிப்பட்டவளுக்குக் கதவோரம் நிற்கும் நிரந்தர ஆசிரியரிடம் முடியாது என்று சொல்ல எங்கிருந்து தைரியம் வரும்? சிரித்துக்கொண்டே சாக்பீசை நீட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்துவிடுவேன்.

வராந்தாவில் நின்றால் உள்ளே பிள்ளைகள் பெயிண்ட் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்கும். வரிசையாக, டக், டக், டக் என்று. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது.

வானத்தில் ஓட்டை

கடன் போகாத நாட்களிலும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. நாற்பது நிமிஷத்தில் என்ன நடக்கும்?

கொட்டாங்குச்சிகளை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போவார்கள். வழியில் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடியும் போவார்கள். எவனாவது எவள் மேலாவது தெளிப்பான், பஞ்சாயத்து நடக்கும். பேப்பர் கொடுத்து, பிரஷ் பங்கு வைத்து, கலர்க் கட்டியை நனைத்து, மலைக்கு ஒரு கோடு போட்டு, வானத்தை நீலமாகப் பூசி முடிக்கும்போது பெல் அடித்துவிடும். ஈரத்தோடு எல்லாப் படங்களையும் அடுக்கி பீரோவில் வைப்போம். அடுத்த வாரம் எடுத்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் ஒருவன் மலை இன்னொருத்தி வானத்தோடு வந்துவிடும்.

தண்ணீர்க் கலரில் முதல் பூச்சு காய்ந்த பிறகுதான் அதன் மேல் இன்னொன்று போட வேண்டும். ஈரத்தில் போட்டால் பரவி ஊறிவிடும். இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. காய்ந்த வானத்தை அவர்கள் பார்த்ததே இல்லை.

ஆகவே அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வானத்தைப் பூசும்போதே பறவை வரவேண்டிய இடங்களில் வெள்ளையாக ஓட்டை விட்டுவிடுவார்கள். பிறகு அந்த ஓட்டைக்குள் கறுப்பில் ஒரு பறவையை உட்கார வைப்பார்கள். சுற்றிலும் வெள்ளை விளிம்பு தெரியும். பெரிய வகுப்பைப் பார்த்துச் சின்ன வகுப்பு கற்றுக்கொண்டது. அக்கா போட்டதைப் பார்த்துத் தம்பி போட்டான். எங்கள் ஊர்ப் பறவைகள் அத்தனையும் ஓட்டைக்குள்தான் பறந்தன.

திண்டிவனத்தில் நடந்த ஓவியப் போட்டி ஒன்றுக்கு ரேவதி என்ற பெண்ணை அழைத்துப் போயிருந்தேன். அப்போது ஆறாம் வகுப்பு. மெலிந்த கை, ஆனால் கோடு போட்டால் நடுங்காது. மலை, கோயில், ஏரி, எல்லாம் அழகாக வந்திருந்தது. நடுவராக வந்தவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இன்னாமா, உங்க ஊர்ல பறவையெல்லாம் ஜன்னல்லயா உக்காந்துக்கினு கீது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ரேவதி கேட்டாள். "நான் தப்பா போட்டுட்டேனா டீச்சர்?"

"இல்லடி கண்ணு. பெல்லு தப்பா அடிக்குது."

அவளை வீட்டில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

எட்டுக் கட்டம், நாலு கட்டம்

அதற்கு அடுத்த வருடம் பள்ளி திறந்த புதிதில் ஒரு சனிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங். தலைமையாசிரியர் சம்பந்தம் சார் விழுப்புரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். பயிற்சிக்குப் போய்வரும் தலைமையாசிரியர்களுக்குப் பத்து நாளைக்கு ஒரு காய்ச்சல் இருக்கும். பிறகு தானே இறங்கிவிடும். நாங்களும் மசால் வடையைப் பிய்த்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தோம்.

அவர் போர்டில் எட்டுக் கட்டம் போட்டார். பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து நாலாக்கினார்.

"இப்ப நாப்பது நிமிஷம் ஒரு பீரியடு. உள்ள போயி அட்டெண்டன்ஸ் எடுத்து, நோட்டத் தொறங்கடான்னு சொல்றதுக்குள்ள பெல் அடிச்சிடுது. ரெண்ட ஒண்ணாக்கிட்டா? இன்னிக்கி நாலு பாடம், நாளைக்கி மீதி நாலு. இதுக்குப் பேரு பிளாக் ஷெட்யூல். ஆறு, ஏழு, எட்டுக்கு மட்டும் பண்ணி, நடுப் பெல்ல நிறுத்திப் பாக்கலாமா? நீங்க சொல்லுங்க."

"ஐயோ சார், பேஜாரு" என்றார் மீனாட்சி டீச்சர். "எம்பது நிமிஷம் கணக்கு நடத்துனா பசங்க தூங்கிடும் சார். எனக்கே தூக்கம் வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அறிவியல் சார் பரிசோதனைக்கு நல்லது என்றார், ஆனால் பரிசோதனைச் சாமான்தான் இல்லை என்றும் அவரே சொன்னார். தமிழ் ஐயா வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசனை அங்கேயே செத்திருக்கும். சம்பந்தம் சார் போர்டை அழிக்க டஸ்டரைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

மீட்டிங்கில் என் இடம் கதவோரப் பெஞ்சின் நுனி. நான் பேசி யாரும் கேட்டதில்லை, நானும் பேசியதில்லை. அன்று எழுந்து நின்றேன்.

"சார், அழிக்காதீங்க. பண்ணிப் பாக்கலாம் சார். வானம் காயணும் சார்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் ஓட்டைப் பறவைகளைப் பற்றிச் சொன்னேன். திண்டிவனத்தில் நடுவர் கேட்டதைச் சொன்னேன். ஒரே ஒரு தடவை இரட்டைப் பீரியட் கிடைத்தால் பிள்ளைகள் ஒரு படத்தை முழுசாகப் போட்டு முடிப்பார்கள் என்றேன். கணக்கிலும் அப்படித்தானே சார், பாதிக் கணக்கில் பெல் அடித்தால் மீதி வீட்டுக்குப் போகிறது, வீட்டில் யார் சொல்லித் தருவார்கள் என்றும் கேட்டேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பேச்சு.

சம்பந்தம் சார் டஸ்டரைக் கீழே வைத்தார். "டிராயிங் டீச்சர் இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல. அதுக்கோசரமே ரெண்டு வாரம் பண்ணிப் பாக்கலாம்" என்றார்.

நல்ல மனிதர் அவர். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

காய்ந்த வானம்

அந்தப் புதன்கிழமைக் காலையை நான் யாருக்கும் கடன் தரமாட்டேன்.

விழுப்புரம் ஜங்ஷனில் பாசஞ்சர் தாமதம். திண்டிவனத்தில் இறங்கி ஓடினேன். "ஜல்தி போங்கண்ணா" என்று ஆட்டோக்காரரை விரட்டினேன். இரட்டைப் பீரியட் முதல்முறையாக என் பெயரில் இருந்தது. ரேவதி படிக்கும் ஏழாம் வகுப்பு.

வழக்கம்போலத் தண்ணீர், சண்டை, பஞ்சாயத்து. வழக்கம்போல வானத்தைப் பூச ஆரம்பித்தார்கள். வழக்கம்போல ஓட்டை விட்டார்கள். "ஓட்ட உடாதீங்க" என்றேன். "முழுசா பூசுங்க."

"அப்ப பறவைய எங்க டீச்சர் வெக்கறது?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் குரலில் உண்மையான கவலை.

பூசி முடித்ததும் பேப்பர்களை வராந்தாவுக்கு எடுத்துப்போய் வெயில் விழும் இடத்தில் பரப்பினோம். மூலைக்கு ஒரு கல் வைத்தோம். பெல் அடிக்க வேண்டிய நேரம் வந்தது. பிள்ளைகள் பழக்கத்தில் டப்பாவை மூடப் போனார்கள். பெல் அடிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காயற வரைக்கும் சும்மா இருக்கணும்" என்றேன்.

சும்மா இருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அதுவரை யாரும் அவர்களைச் சும்மா இருக்கச் சொன்னதில்லை. சும்மா இருந்தால் அடிதான் விழும். கொஞ்ச நேரம் நெளிந்தார்கள். பிறகு வராந்தாச் சுவரில் சாய்ந்து வெளியே பார்த்தார்கள். கரண்ட் கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. வால் இரண்டாகப் பிரிந்திருப்பதைச் சண்டை போட்டு நிச்சயம் செய்துகொண்டார்கள். கழனியில் கொக்கு இறங்கியது. மலை வெயிலில் சாம்பலாகத் தெரிந்தது. இதுவரை எல்லோரும் பச்சையாகத்தான் பூசிவந்திருந்தார்கள்.

ரேவதி குனிந்து தன் பேப்பரை ஒற்றை விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். நீலம் ஒட்டவில்லை.

"காஞ்சிடுச்சி டீச்சர்!"

அதன் மேல் கறுப்பில் ஒரு கரிச்சானைப் போட்டாள். பரவவில்லை, ஊறவில்லை. சிறகு முடிந்த இடத்திலிருந்து நீலம் ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான். "டேய், பறவைக்குப் பின்னாடி வானம் கீதுடா!"

வகுப்பே அவளைச் சுற்றிக் கூடிவிட்டது. கொக்கு போட ஆசைப்பட்டவர்களிடம் மட்டும், நீலத்தின் மேல் வெள்ளை ஏறாது, அதற்கு ஓட்டை விட்டுத்தான் ஆக வேண்டும் என்று சமாதானம் சொன்னேன். அன்று ஏழாம் வகுப்பில் எல்லோரும் ஒரு படத்தைப் போட்டு முடித்தார்கள். என் வேலையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்பு வந்ததில்லை. ரயிலில் திரும்பி வரும்போது உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

கொஞ்சம் மாற்றி

இரண்டு வாரம் முடிந்து மறுபடியும் மீட்டிங். இந்தமுறை மீனாட்சி டீச்சர் முதல் ஆளாக எழுந்தார்.

"சார், நான் சொன்னது தப்பு சார். எம்பது நிமிஷம் அருமையா கீது. கணக்கப் போட வெச்சி, நோட்ட அங்கயே திருத்தி, தப்பு பண்ணவன அங்கயே உக்கார வெச்சி... வீட்டுக்கு மூட்ட தூக்கிக்கினு போற வேலையே இல்ல. எனக்கு டெய்லி வேணும் சார்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் சொன்னது உண்மைதான். பின்தங்கிய பிள்ளைகள்கூட அந்த இரண்டு வாரத்தில் கணக்குப் போட்டார்கள். நான் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தேன்.

சம்பந்தம் சார் மறுபடியும் போர்டில் கட்டம் போட்டார். "அப்படியே எடுத்துக்காம நம்ம ஸ்கூலுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாத்திக்கலாம். காலைல மூள ஃப்ரெஷ்ஷா இருக்கும். மெயின் சப்ஜெக்டெல்லாம் காலைலயும் மத்தியானம் முன்பாதியிலயும் இரட்டை. மீதி ரெண்டு பீரியடு ஒத்தையா வெச்சிக்கலாம். டிராயிங், கேம்ஸு எல்லாம் கடைசி ஒத்தையில."

கடைசிக் கட்டத்தில் "கலை / விளையாட்டு" என்று எழுதினார். கட்டம் சின்னதாக இருந்ததால் எழுத்து வெளியே போய்விட்டது.

"சார், நான் காலைல தானே சார் வர்றேன்" என்றேன்.

"உங்க ஆர்டர்ல அரை நாள்னுதான் இருக்குது டீச்சர். எந்த அரைன்னு இல்ல. மத்தியானம் வந்துடுங்க."

மத்தியானம் நான் ஃப்ளெக்ஸ் கடையில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கடையால்தான், பள்ளிக்கூடத்தால் அல்ல. எல்லோருக்கும் இது தெரியும். இருந்தும் சொன்னேன்.

"அது உங்க பர்சனல் டீச்சர்" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரே ஒரு காலைல சார். வாரத்துல ஒண்ணு. இரட்டையா."

சார் மீனாட்சி டீச்சரைப் பார்த்தார். மீனாட்சி டீச்சர் என் தோளில் கை வைத்தார். "ஒரு பிளாக் போச்சின்னா எனக்கு ஒரு சாப்டரே போயிடும் டீச்சர். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நீங்க மட்டும் அன்னிக்கிப் பேசலன்னா இதெல்லாம் நடந்தே இருக்காது தெரியுமா?"

தெரியும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

கடை முதலாளி பாயிடம் கேட்டுப் பார்த்தேன். கடையில் ஒரே கம்ப்யூட்டர். "காலைல சிஸ்டத்துல எம்மருமகன் குந்திக்கினு கீறான்மா. மத்தியானந்தான் உன் சீட்டு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். அந்த வாரம் முழுக்க எல்லோரும் நியாயமாகவே பேசினார்கள்.

புது டைம்டேபிளைச் சார்ட் பேப்பரில் எழுத வேண்டியிருந்தது. பள்ளியில் நல்ல கையெழுத்து யாருக்கு? என்னைக் கூப்பிட்டார்கள். கணக்குக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை என்று ஸ்கெட்ச் பேனாவால் இரட்டைக் கட்டங்களை நிரப்பினேன். கடைசிக் கட்டத்துக்கு வரும்போது எந்தக் கலர் என்று கேட்டேன். "எதுல வேணா எழுதுங்க டீச்சர்" என்றார் சார்.

மத்தியானம் முடியாது என்றதும் சார் வற்புறுத்தவில்லை, அதற்குப் பிறகும் நான் வாரம் மூன்று காலைதான் போகிறேன். யாராவது லீவு என்றால் அவர்கள் வகுப்பில் உட்கார்ந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறேன். சுதந்திர தினத்துக்குக் கோலம் போடுகிறேன். ஆன்லைனில் வருகைப் பதிவு ஏற்றுகிறேன். டிராயிங் சொல்லித் தருவதில்லை. கடைசிப் பீரியடில் மைதானம் போனவர்கள் போக, மற்றவர்களை மீனாட்சி டீச்சர் உட்காரவைத்து டெஸ்ட் வைக்கிறார். இப்போது அது கடன்கூட இல்லை, கேட்க ஆள் இல்லாத நிலம்.

ரேவதி முதல் மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். "டீச்சர், டிராயிங் எப்ப?" பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். எட்டாம் வகுப்பு முடித்துத் திண்டிவனத்தில் பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். போன மாதம் ஆறாம் வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டிருந்ததைப் பார்த்தேன். நீல வானம். நடுவில் வெள்ளையாக ஒரு ஓட்டை, அதற்குள் ஒரு பறவை. நோட்டை மூடி அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஓரத்துக் காலியிடம்

கடைக்குத் திரும்புவோம். பெரியவருக்குச் சட்டை போட்டு முடித்து ஓரமாக வைத்துவிட்டு மீனாட்சி டீச்சரின் பேனரைத் திறந்தேன்.

மேலே வருக வருக. நடுவில், "புதிய கால அட்டவணையில் புதுமை படைக்கும் முன்னோடிப் பள்ளி." இடப்பக்கம் சம்பந்தம் சார் பெரிதாக, கும்பிட்ட கையோடு. கீழே இரண்டு வரிசையில் வட்ட வட்டமாக ஆசிரியர்கள். டீச்சர் அனுப்பிய போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து வட்டத்துக்குள் வைத்தேன். தமிழ் ஐயாவின் வழுக்கையில் விழுந்த வெளிச்சத்தைக் குறைத்தேன். மீனாட்சி டீச்சர் கேட்டுக்கொண்டபடி அவர் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கினேன்.

இன்னொரு போட்டோவும் கேட்டு என் போன் மறுபடி டிங் என்று அடிக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை.

மேல் வரிசை நிறைந்துவிட்டது. கீழ் வரிசையில் கடைசி வட்டம் மிஞ்சியது.

அதே கம்ப்யூட்டரில் என் போட்டோ ஒன்று கிடக்கிறது. புது டிசைன் ஏதாவது பழகும்போது முகத்துக்காக நான் வைத்துக்கொள்வது. நீலப் புடவை, கொஞ்சம் சிரித்த மாதிரி. எதற்கென்று யோசிக்கவில்லை. கை தானாகப் போய் அதை இழுத்து அந்த வட்டத்துக்குள் வைத்தது. சரியாகப் பொருந்தியது. கத்தரிக்கக்கூடத் தேவைப்படவில்லை.

டீச்சர் செல்லிலிருந்து நிமிர்ந்து ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அய்ய, வெளயாடாதீங்க டீச்சர். அது ரெகுலர் ஸ்டாஃப் லைனு. ஆபீசருங்க வந்து பாத்து ஏதாச்சும் கேட்டா சாருக்குதான் பேஜாரு."

"சும்மாதான் டீச்சர்" என்றேன். "அளவு பாத்தேன்."

அழித்தேன். வெள்ளை வட்டம் மறுபடியும் தெரிந்தது.

"ஆனா அந்த ஓரம் காலியா கீது பாருங்க. ஒரு மாதிரி ஓட்டையாட்டம் கீது. அதுல ஏதாச்சும் போடுங்களேன், பூ கீ."

இந்த மாதிரி இடங்களுக்கென்றே கடையில் ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறோம். ரோஜா, மயில், குத்துவிளக்கு, பறக்கும் புறா. புறாவின் மேல் மவுஸ் ஒரு கணம் நின்றது. அதை எடுக்க மனம் வரவில்லை. ரோஜாவை இழுத்து வட்டத்துக்குள் வைத்தேன்.

மீனாட்சி டீச்சர் தலையைச் சாய்த்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பதான் டீச்சர் நெறைவா கீது."